குத்துவிளக்கின் ஒளி மங்க வேண்டும், அச்சில் கட்டம் தெரியக் கூடாது: வெக்டரில் ஒபாசிட்டி மாஸ்க்

கேள்வி இது. சமூக மன்றத் தீபாவளிக் கொண்டாட்டத்துக்கு ஏ1 அளவில் ஒரு சுவரொட்டி. கருநீலப் பின்னணியில் குத்துவிளக்கு. அதைச் சுற்றி மஞ்சள் ஒளி மெல்ல மங்கி நீலத்தில் கரைய வேண்டும். கீழே பளபளப்பான தரையில் விளக்கின் பிம்பம். மேலே தலைப்பு எழுத்துகளுக்குள் கோலம் தெரிய வேண்டும். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் ஒபாசிட்டி மாஸ்க் (ஓவியம் எங்கே எவ்வளவு தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் படம்) போட்டதும் ஒளி மொத்தமாகக் காணாமல் போகிறது. எப்படியோ சரிசெய்து அனுப்பினால், அச்சுக்கடை தந்த மாதிரித் தாளில் விளக்கைச் சுற்றி வெளிறிய செவ்வகம் ஒன்று நிற்கிறது. திரையில் அது கண்ணுக்குப் படவில்லை. பிழை எங்கே?

இவை இரண்டும் வேறு வேறு பிழைகள். ஆனால் இரண்டையும் கண்டுபிடிக்க உதவுவது ஒரே பழக்கம்: மாஸ்க்கைத் தனியே ஒரு கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்ப்பது. மாஸ்க் என்பதை மூடி என்று நினைத்தால் குழப்பம் தீராது. அது ஓர் அளவுப் படம். அதில் வெள்ளை இருக்கும் இடத்தில் கீழே உள்ள ஓவியம் முழுதாகத் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் தெரியாது, சாம்பல் இருக்கும் இடத்தில் அந்தச் சாம்பலின் வெளிச்சத்துக்கு ஏற்பப் பாதியோ காலோ தெரியும். வண்ணம் போட்டாலும் அதன் வெளிச்சம் மட்டுமே கணக்கில் வரும். எஸ்விஜி (இணையத்தில் பயன்படும் வெக்டர் கோப்பு வகை) விதிப்படி சுத்தச் சிவப்புக்கு ஏறக்குறைய 21 விழுக்காடு, பச்சைக்கு 72, நீலத்துக்கு 7. நீல வட்டத்தை மாஸ்க்காகப் போட்டவருக்குப் படம் ஏன் பேய் போலத் தெரிகிறது என்பதற்குக் காரணம் இந்த 7தான். ஆகவே மாஸ்க்குக்குள் வண்ணமே வேண்டாம். கலர் பேனலை கிரேஸ்கேலுக்கு மாற்றி, கே (கறுப்பின் அளவு: கே0 வெள்ளை, கே100 கறுப்பு) என்ற ஒரே அளவுகோலில் வேலை செய்யுங்கள்.

முதலில் ஒரு தேர்வு செய்ய வேண்டும். விளிம்பு கூர்மையாக இருந்தால் போதும் என்ற இடத்தில் ஒபாசிட்டி மாஸ்க் தேவையே இல்லை. க்ளிப்பிங் மாஸ்க் போதும். அது வெறும் பாதை, அதாவது ஓவியத்தை வெட்டும் எல்லைக்கோடு. அச்சிலும் சிக்கல் தராது, கோப்பும் கனக்காது, எந்த மென்பொருளிலும் திறக்கும். உங்கள் சுவரொட்டியில் தலைப்பு எழுத்துக்குள் கோலம் என்பது இந்த வகை. ஒளியும் பிம்பமும் மட்டுமே மென்மை கேட்கின்றன. மென்மையிலும், ஒரே வடிவம் ஒரே திசையில் மங்கினால் போதும் என்றால், அந்த வடிவத்தின் கிரேடியன்ட் (நிறம் படிப்படியாக மாறும் நிரப்பு) நிறுத்தங்களிலேயே ஒபாசிட்டியைக் குறைத்துவிடலாம். இல்லஸ்ட்ரேட்டரில் சிஎஸ்4 பதிப்பிலிருந்தே இந்த வசதி உண்டு. பல துண்டுகள் சேர்ந்த ஓவியம் ஒன்றாக மங்க வேண்டும் என்னும்போதுதான் ஒபாசிட்டி மாஸ்க் வேண்டும். குத்துவிளக்கின் பிம்பம் அப்படிப்பட்டது: பாதம், தண்டு, தட்டு, முகங்கள், உச்சியில் அன்னம் என்று பத்திருபது வடிவங்கள் சேர்ந்து ஒரே சீராக மறைய வேண்டும்.

இனி ஒளியை இல்லஸ்ட்ரேட்டரில் செய்வது. விளக்கின் சுடரை மையமாக வைத்து 420 மிமீ விட்டத்தில் ஒரு வட்டம் வரைந்து ஒளியின் நிறத்தை ஊற்றுங்கள். செவ்வகம் வேண்டாம், வட்டமே. காரணம் பின்னால் வருகிறது. அதை நகலெடுத்து, கண்ட்ரோல் எஃப் அடித்து அதே இடத்தில் மேலே ஒட்டுங்கள். மேல் வட்டத்துக்கு ரேடியல் கிரேடியன்ட்: மையம் கே0, விளிம்பு கே100. இரண்டையும் தேர்ந்து, ஷிஃப்ட் கண்ட்ரோல் எஃப்10 அடித்து டிரான்ஸ்பேரன்சி பேனலைத் திறந்து மேக் மாஸ்க் அழுத்துங்கள். மேலே உள்ள வடிவம்தான் மாஸ்க் ஆகும். பேனலில் இப்போது இரண்டு சிறுபடங்கள்: இடப்பக்கம் ஓவியம், வலப்பக்கம் மாஸ்க்.

ஒளி மொத்தமாகக் காணாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், மூன்று காரணங்களில் ஒன்றால். ஒளி வட்டத்தை மட்டும் தேர்ந்துகொண்டு மேக் மாஸ்க் அழுத்தினால் காலி மாஸ்க் உருவாகும். க்ளிப் என்ற பெட்டியில் டிக் இருந்தால், மாஸ்க்கில் ஒன்றும் வரையப்படாத இடமெல்லாம் கறுப்பு என்று கொள்ளப்படும். காலி மாஸ்க் என்றால் எல்லாமே கறுப்பு, எல்லாமே மறையும். டிக்கை எடுத்தால் வரையப்படாத இடம் வெள்ளை ஆகி ஓவியம் திரும்பிவரும். இரண்டாவது காரணம், மாஸ்க் வடிவத்தில் கறுப்பு நிறமே இருப்பது. எழுத்தை மாஸ்க்காக வைப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும், ஏனென்றால் தட்டச்சு செய்ததும் எழுத்து கறுப்பாகவே வருகிறது. வெள்ளையாக்கினால் தீர்ந்தது. மூன்றாவது, மாஸ்க் சிறுபடத்தைச் சொடுக்கி உள்ளே போனவர் வெளியே வராமலே வரைவது. அப்போது லேயர் பேனலில் மற்ற லேயர்கள் தெரியாது, ஒபாசிட்டி மாஸ்க் என்ற ஒன்று மட்டும் நிற்கும். அந்த நிலையில் வரைவதெல்லாம் மாஸ்க்குக்குள்தான் போய்ச் சேரும். இடப்பக்கச் சிறுபடத்தை ஒருமுறை சொடுக்கினால் வெளியே வந்துவிடலாம்.

ஆல்ட்டை அழுத்திக்கொண்டு மாஸ்க் சிறுபடத்தைச் சொடுக்கினால் திரையில் மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையில் தெரியும். மேலே சொன்ன மூன்றில் எது நடந்திருக்கிறது என்பது அங்கே பார்த்த நொடியில் புரியும். ஷிஃப்டை அழுத்திச் சொடுக்கினால் மாஸ்க் தற்காலிகமாக அணையும், மறுபடி சொடுக்கினால் எரியும். சிறுபடங்களுக்கு நடுவில் உள்ள சங்கிலி இணைந்திருந்தால் ஓவியத்தை நகர்த்தும்போது மாஸ்க்கும் கூடவே வரும்; மாஸ்க்கை அங்கேயே வைத்து ஓவியத்தை மட்டும் நகர்த்த வேண்டுமானால் சங்கிலியைக் கழற்றுங்கள். ஓர் எச்சரிக்கை: குழுவுக்குப் போட்ட மாஸ்க் அந்தக் குழுவோடுதான் வாழும். குழுவைக் கலைத்தால் மாஸ்க்கும் போய்விடும். உள்ளே ஒரு துண்டை மாற்ற இரட்டைச் சொடுக்கில் குழுவுக்குள் நுழைந்து மாற்றுங்கள், கலைக்காதீர்கள்.

மாஸ்க் வேலை செய்தாலும் ஒளி அழகாக இருக்காது, ஒரு மஞ்சள் தட்டு போலத் தெரியும். வெள்ளையிலிருந்து கறுப்புக்கு நேர்கோட்டில் இறங்கும் கிரேடியன்ட் முடியும் இடத்தில் கண் ஒரு வளையத்தைக் காண்கிறது. சரிவு சட்டென்று நிற்கும் இடத்தைக் கோடாகப் பார்ப்பது நம் கண்ணின் இயல்பு. அதனால் தொடக்கத்திலும் முடிவிலும் சரிவைத் தணிக்க வேண்டும். ஐந்து நிறுத்தங்கள் வையுங்கள்: 0 விழுக்காட்டில் கே0, 25இல் கே16, 50இல் கே50, 75இல் கே84, 100இல் கே100. இந்த எண்களோடு ஒரே ஒரு மாற்றம்: கடைசி நிறுத்தத்தை 100இல் வைக்காமல் 95க்கு இழுத்துவிடுங்கள். வட்டத்தின் விளிம்பில் கொஞ்சம் முழுக் கறுப்பு மிச்சம் இருக்கட்டும்.

வெளிறிய செவ்வகத்துக்கு முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. கடைசி நிறுத்தம் கே100 என்று நினைத்திருப்பீர்கள், ஆனால் அது கே95ஆகவோ 97ஆகவோ இருக்கும். சொட்டுக்குழாய்க் கருவியால் திரையிலிருந்து எடுத்த கறுப்பு பெரும்பாலும் இப்படித்தான். அப்படியானால் ஒளியின் மஞ்சள் 3 முதல் 5 விழுக்காடு அந்த வடிவத்தின் கடைசி ஓரம் வரை பரவி நிற்கும். திரையில் கருநீலத்தின் மேல் அது தெரியாது. தாளில், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது, ஒளிக்குப் போட்ட செவ்வகத்தின் நான்கு ஓரமும் வந்து நிற்கும். கண்டுபிடிக்க எளிய வழி: பின்னணியைத் தற்காலிகமாக வெள்ளையாக்கி, ஒளியின் நிறத்தைக் கறுப்பாக்குங்கள். 2 விழுக்காடு மிச்சம் இருந்தாலும் ஓரம் பளிச்சென்று தெரியும். வட்டமாகவே வரையச் சொன்னதும் இதற்காகத்தான். ஏதாவது மிச்சம் தப்பிவிட்டாலும் வட்டம் ஒளிவட்டமாகத் தோன்றும். செவ்வகத்தைப் பார்த்தவர் பிழை என்றுதான் சொல்வார்.

இன்னும் உறுதியான சோதனை அக்ரோபேட் ப்ரோவில் உள்ள அவுட்புட் பிரிவ்யூ. பிடிஎஃப் கோப்பைத் திறந்து, ஒளி வட்டத்துக்கு வெளியே தொலைவில் பின்னணி மேல் சுட்டியை வைத்து நான்கு மையின் எண்ணைப் படியுங்கள். பிறகு வட்டத்தின் ஓரத்துக்குச் சற்று உட்புறம் வைத்துப் படியுங்கள். பின்னணி சி100 எம்90 ஒய்30 கே40 (சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு: சிஎம்ஒய்கே என்ற நான்கு அச்சு மைகள்) என்று வைத்திருந்தால் இரண்டு இடத்திலும் அதே எண் வர வேண்டும். ஒய் 30க்குப் பதில் 32 என்று கூடி, மற்ற மூன்றும் சற்றுக் குறைந்தால், அதாவது எண்கள் ஒளியின் நிறத்தை நோக்கி நகர்ந்தால், மாஸ்க்கின் ஓரம் கறுப்பாக இல்லை. சிஎம்ஒய்கே ஆவணத்தில் கே100 போட்டும் எண் ஒத்துவராவிட்டால் கடைசி நிறுத்தத்தில் மற்ற மூன்று மைகளையும் ஏற்றிப் பாருங்கள். மாஸ்க்கின் நிறம் தாளில் விழுவதில்லை, மை கூடிவிடுமோ என்ற கவலை வேண்டாம். எண்கள் ஒளியின் நிறத்தை நோக்கி இல்லாமல் வேறு விதமாக மாறியிருந்தால் கோளாறு மாஸ்க்கில் இல்லை, பிடிஎஃப் ஆக்கிய விதத்தில். அதைப் பிறகு பார்ப்போம்.

அதற்கு முன் நிறம். மாஸ்க் பற்றிய விளக்கங்களில் இது விடுபட்டுவிடுகிறது, ஆனால் ஒளி ஒளியாகத் தெரிவதும் அழுக்காகத் தெரிவதும் இதில்தான். எம்10 ஒய்90 என்ற மஞ்சளை மேலே சொன்ன கருநீலத்தின் மேல் பாதி அளவுக்குத் தெரியவிடுங்கள். கணக்குப் போட்டால் சி50 எம்50 ஒய்60 கே20 வருகிறது. மூன்று மையும் கிட்டத்தட்டச் சமம், கூடக் கொஞ்சம் கறுப்பு: அது சேற்றுப் பழுப்பு. மஞ்சளும் நீலமும் எதிரெதிர் நிறங்கள், நடுவழியில் ஒன்றையொன்று கொன்றுவிடுகின்றன. மாஸ்க்கை எத்தனை முறை திருத்தினாலும் இந்தச் சேறு போகாது. திருத்த வேண்டியது ஒளியின் நிறத்தை. ஒளி வட்டத்துக்கே ஒரு ரேடியல் கிரேடியன்ட் போட்டு, மையத்தில் எம்10 ஒய்90, பாதி வழியிலேயே எம்70 ஒய்90 என்ற ஆரஞ்சுக்குப் போய்விடுங்கள். அந்த ஆரஞ்சு பாதி தெரியும் இடத்தில் சி50 எம்80 ஒய்60 கே20, அதாவது மாதுளைச் சிவப்பு. ஐந்தில் ஒரு பங்கு தெரியும் இடத்தில் சி80 எம்86 ஒய்42 கே32, கருநீலத்தை ஒட்டிய கத்தரிப்பூ நிறம். மஞ்சள், ஆரஞ்சு, மாதுளை, கத்தரிப்பூ, நீலம் என்று ஒளி இறங்கும். எண்ணெய் விளக்கின் ஒளி இருட்டில் மங்குவதும் ஏறத்தாழ இந்த வரிசையில்தான். ஸ்க்ரீன் என்ற கலப்பு முறையைப் போட்டாலும் வெளிச்சம் கூடும், ஆனால் ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை) ஆவணத்தில் தருவதும் சிஎம்ஒய்கேயில் தருவதும் ஒன்றல்ல. அச்சுக்குப் போகும் வேலைக்கு நார்மல் முறையில் நிறத்தையே சரியாகத் தேர்வது நம்பகமானது.

பிம்பத்துக்கு வருவோம். விளக்கை முழுவதும் குழுவாக்கி நகலெடுத்து, கிடைக்கோட்டில் கவிழ்த்து, பாதத்தோடு பாதம் பொருத்துங்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனியே ஒபாசிட்டி குறைத்தால் தண்டும் தட்டும் மேல்விழும் இடங்களில் இரட்டை அடர்த்தி தெரியும். குழுவுக்கு ஒரே மாஸ்க் போட்டால் அது வராது. மாஸ்க் ஒரு செவ்வகம், லீனியர் கிரேடியன்ட். பாதம் தொடும் இடத்தில் கே60, அதாவது 40 விழுக்காடு தெரியும். அங்கிருந்து விளக்கின் பாதி உயரத்துக்குள் கே100ஐ எட்டிவிட வேண்டும். முழு உயரத்துக்கும் பிம்பம் விட்டால் தரை கண்ணாடியாகிவிடும். பளிங்கில் அத்தனை தெளிவு வராது.

தலைப்பு எழுத்துக்குள் கோலம் வைப்பதில் தமிழுக்கே உரிய இடைஞ்சல்கள் சில உண்டு. இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் பத்தி அமைப்பில் தெற்காசிய எழுத்துக்கான காம்போசரைத் தேர்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும். எழுத்து சரியாக வந்த பிறகே அவுட்லைன் ஆக்குங்கள், அதாவது எழுத்தை வடிவமாக மாற்றுங்கள். அவுட்லைன் ஆக்கியதும் ஒவ்வொரு எழுத்தும் தனிப் பாதை. அப்படியே க்ளிப்பிங் மாஸ்க் போட்டால் எல்லா எழுத்தும் சேர்ந்து வெட்டாது. கண்ட்ரோல் 8 அடித்து அனைத்தையும் ஒரே கூட்டுப் பாதை ஆக்க வேண்டும். அங்கே அடுத்த பொறி. சில எழுத்துருக்களில் துணைக்குறியும் எழுத்தும் கொஞ்சம் மேல்விழும். ‘ளி’யின் மேல்சுழி ‘ள’வின் தோளைத் தொட்டுச் செல்லும். கூட்டுப் பாதையின் நிரப்பு விதி ஈவன் ஆட் என்று இருந்தால் மேல்விழும் துண்டு ஓட்டையாகிவிடும், எழுத்தின் நடுவே பின்னணி எட்டிப் பார்க்கும். கூட்டுப் பாதை ஆக்கும் முன் பாத்ஃபைண்டரில் யுனைட் கொடுத்தால் மேல்விழுவதெல்லாம் ஒன்றாகிவிடும். கடைசியாகப் புள்ளிகள். ‘தீபாவளி வாழ்த்துகள்’ என்பதில் ழ், த், ள் என்று மூன்று புள்ளி. வெட்டிய பிறகு மூன்றும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே வைத்த கோலத்தில் இடைவெளி பெரிதாக இருந்தால் ஒரு புள்ளி முழுதும் அந்த வெற்றிடத்தில் விழுந்து, வாழ்த்து ‘வாழ்த்துகள’ ஆகிவிடும். கோலத்துக்குப் பின்னால் ஓர் இளநிறத் தளம் வைத்தால் இந்த ஆபத்து தீரும். எழுத்தைக் கடைசி வரை திருத்தும் நிலையில் வைத்திருக்க வேண்டுமானால் மட்டும் ஒபாசிட்டி மாஸ்க்கை நாடலாம்: அவுட்லைன் ஆக்காத வெள்ளை நிற எழுத்துப்பெட்டியையே மாஸ்க்காக வைத்துவிட்டு, குழுவினர் வாசகத்தை மாற்றச் சொல்லும்போது உள்ளே போய்த் திருத்தலாம். அச்சுக்கு அனுப்பும் முன் அவுட்லைன் ஆக்கினால் போதும்.

இங்க்ஸ்கேப்பில் செய்பவர்களுக்கு: அங்கேயும் மேல் வடிவமே மாஸ்க். ஆப்ஜெக்ட் மெனுவில் மாஸ்க் போய் செட் கொடுக்க வேண்டும். எஸ்விஜி மாஸ்க் வெளிச்சத்தையும் ஒளிபுகாமையையும் பெருக்கிக் கணக்கிடுவதால், வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போனாலும் வெள்ளையிலிருந்து ஒளிபுகும் வெள்ளைக்குப் போனாலும் ஒன்றே. மாஸ்க் வடிவத்துக்கு வெளியே உள்ளதெல்லாம் மறையும். க்ளிப் பெட்டி போன்ற தேர்வு கிடையாது. பல துண்டுகளைத் தேர்ந்து அப்படியே போட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி மாஸ்க் போய்விடும், ஆகவே முன்னதாகக் குழுவாக்குங்கள். இங்க்ஸ்கேப் தரும் பிடிஎஃப் ஆர்ஜிபியில் இருக்கும். கருநீலம் அச்சுக்கடையில் சிஎம்ஒய்கே ஆகும்போது ஊதாப் பக்கம் சாய வாய்ப்பு அதிகம் என்பதால், மாதிரித் தாளைப் பார்க்காமல் எண்ணிக்கைக்குச் சம்மதிக்காதீர்கள்.

அஃபினிட்டி டிசைனருக்கு மாறியவர்கள் முதல் நாளே தடுக்கி விழும் இடம் ஒன்று. அங்கே வெக்டர் வடிவத்தை மாஸ்க் ஆக்கினால் அதன் வெளிச்சம் பார்க்கப்படுவதில்லை, ஒளிபுகாமை மட்டுமே. கறுப்பு வெள்ளை கிரேடியன்ட் போட்டால் ஒன்றும் மங்காது, ஏனென்றால் கறுப்பும் முழுக்க ஒளிபுகாததுதான். ஒய் விசையில் உள்ள டிரான்ஸ்பேரன்சி கருவியால் வடிவத்தின் மேல் இழுத்துவிடுங்கள். ஃபிக்மாவில் வரிசையே தலைகீழ்: மாஸ்க் கீழே, ஓவியம் மேலே. வகையை ஆல்ஃபா, வெக்டர், லூமினன்ஸ் என்று மூன்றில் ஒன்றாகத் தேரலாம். இல்லஸ்ட்ரேட்டர் பழக்கம் உள்ளவருக்கு லூமினன்ஸ் ஒத்துப்போகும்.

அதே வடிவமைப்பு இணையப் பக்கத்துக்கும் எஸ்விஜியாகப் போகிறது என்றால் மூன்றைக் கவனியுங்கள். எஸ்விஜி கிரேடியன்ட் நிறத்தையும் ஒளிபுகாமையையும் தனித்தனியே கலக்கும். ஆரஞ்சிலிருந்து ஒளிபுகும் கறுப்புக்கு இறக்கினால் நடுவில் கரி படியும். இரண்டு நிறுத்தத்துக்கும் அதே ஆரஞ்சை வைத்து ஒபாசிட்டியை மட்டும் மாற்றுங்கள். அடுத்து, மாஸ்க்கின் எல்லை இயல்பாக ஓவியத்தின் அளவைவிடப் பக்கத்துக்கு 10 விழுக்காடு மட்டுமே கூடுதல். பெரிய ப்ளர் போட்ட ஒளி அந்த எல்லையில் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். எல்லையைக் கைப்பட விரிக்க வேண்டும். அந்த எல்லை ஓவியத்தின் பெட்டியை வைத்துக் கணக்கிடப்படுவதால், உயரமே இல்லாத கிடைக்கோட்டுக்கு மாஸ்க் போட்டால் கோடே மறைந்துபோகும். அளவு முறையை யூசர் ஸ்பேஸுக்கு மாற்றினால் வந்துவிடும். கடைசியாக, ஒரே பக்கத்தில் இரண்டு எஸ்விஜி நேரடியாகப் பதிக்கப்பட்டு, இரண்டிலும் மாஸ்க்குக்கு ஒரே அடையாளப் பெயர் இருந்தால் இரண்டாவது படம் முதல் படத்தின் மாஸ்க்கை அணிந்துகொள்ளும். ஏற்றுமதி செய்தவுடன் பெயர்களை மாற்றுங்கள்.

இப்போது அச்சு. செவ்வகத்துக்கு இரண்டாவது காரணம் இங்கே. பிடிஎஃப்பில் உயிருள்ள ஒளிபுகுத்தன்மை 2001இல் வந்த 1.4 பதிப்பிலிருந்துதான் உண்டு. பிடிஎஃப் எக்ஸ் 1ஏ என்ற அச்சுத் தரம் அதை அனுமதிப்பதில்லை. அந்த முறையில் சேமித்தால் ஒளி மங்கும் இடமெல்லாம் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, தேவைப்படும் துண்டுகள் பிக்சல் படமாக மாற்றப்படும். இபிஎஸ் கோப்புக்கும் இதே கதி. விளக்கைச் சுற்றி உள்ள நீலம் பிக்சல் படமாகவும், மற்ற நீலம் வெக்டராகவும் போய்ச் சேர்ந்து, இரண்டையும் அச்சு இயந்திரத்தின் மென்பொருள் வேறு வேறு நிறமாற்றத்துக்கு உட்படுத்தினால் ஒரே நீலம் இரண்டு நீலமாகிவிடும். இடையில் உள்ள ஓரம்தான் நீங்கள் பார்த்த செவ்வகம். அவுட்புட் பிரிவ்யூவில் எண்கள் ஒளியின் நிறத்தை நோக்கி இல்லாமல் வேறு விதமாக மாறினால், அல்லது எண் ஒத்தும் தாளில் கட்டம் தெரிந்தால், இதைச் சந்தேகிக்க வேண்டும்.

தீர்வு, பிடிஎஃப் எக்ஸ் 4. இந்தத் தரம் ஒளிபுகுத்தன்மையை அப்படியே வைத்திருக்க அனுமதிக்கிறது, இல்லஸ்ட்ரேட்டரில் பிடிஎஃப் எக்ஸ் 4:2008 என்ற பெயரில் தயாராகவே இருக்கிறது. ஆவணத்தை முதலிலிருந்தே சிஎம்ஒய்கேயில் வைத்து, நான்கு பக்கமும் 3 மிமீ ப்ளீட் (வெட்டும்போது கழிந்துபோகும் கூடுதல் ஓரம்) விட்டுச் சேமியுங்கள். சிங்கப்பூரில் பென்கூலன் ஸ்திரீட்டின் சன்ஷைன் பிளாசாவிலோ பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கத்திலோ உள்ள அச்சுக்கடைக்குக் கோப்பை அனுப்பும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: எக்ஸ் 4 கோப்பை அப்படியே ஏற்பீர்களா, கோப்பை வேறு மென்பொருளில் திறந்து மறுபடி சேமிப்பீர்களா? இரண்டாவதற்கு ஆம் என்று பதில் வந்தால், அல்லது 1ஏ மட்டும்தான் என்றால், பின்னணியையும் ஒளியையும் பிம்பத்தையும் சேர்த்து ஒரே படமாக நீங்களே மாற்றிவிடுங்கள். ஏ1 முழுவதும் 300 பிபிஐ என்றால் 7016க்கு 9933 பிக்சல். மங்கலான ஒளிக்கு அது தேவையில்லை, 150 போதும். நீலம் முழுதும் ஒரே படத்தில் இருப்பதால் கட்டம் பிறக்க இடமில்லை. எழுத்தும் விளக்கும் வெக்டராகவே மேலே தனி லேயரில் இருக்கட்டும். ஒளிக்குக் கீழே சிக்கிய எழுத்து, வெட்டித் தட்டையாக்கும்போது பிக்சலாகி ஓரம் தடிக்கும்.

தட்டையாக்கிய பிடிஎஃப்பைத் திரையில் பார்க்கும்போது மயிரிழை போன்ற வெள்ளைக் கோடுகள் தெரிவதுண்டு. பெரிதாக்கிப் பாருங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு அதே தடிமனில் இருந்தால் அது திரைக் கோளாறு, தாளில் வராது. கூடவே தடித்தால் அது உண்மையான இடைவெளி.

ப்ளர், நிழல் போன்ற விளைவுகள் எந்த நுணுக்கத்தில் பிக்சலாகும் என்பதை டாகுமென்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் அமைப்பு தீர்மானிக்கிறது. அது 72இல் இருந்தால் ஒளியின் ஓரம் படிக்கட்டாகும். இதை வேலை தொடங்கும்போதே 150க்கோ 300க்கோ வையுங்கள். பாதியில் மாற்றினால் பிக்சல் கணக்கில் கொடுத்த ப்ளர்களின் தோற்றமும் மாறிவிடும்.

பட்டை விழுவது இன்னொரு தொல்லை. முழு வெள்ளையிலிருந்து கறுப்புக்கு 256 படிகள்தான் உண்டு. 210 மிமீ ஆரத்தில் ஒரு படி 0.8 மிமீ, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 2000 மிமீ உயர நிற்கும் பேனரில், ஒரு மீட்டர் நீளத்துக்கு 20 விழுக்காட்டிலிருந்து பூஜ்யத்துக்கு மங்கவிட்டால் 51 படிகள்தான் கிடைக்கும், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 20 மிமீ. புளோக்கின் கீழ்த்தளத்தில் அந்த பேனர் நிற்கும்போது நடந்துபோகிறவர் கண்ணுக்கே கோடு கோடாகத் தெரியும். மாஸ்க்குக்குள் போய், கிரேடியன்ட் வடிவத்துக்கு டெக்ஸ்சர் பிரிவில் உள்ள கிரெய்ன் விளைவை மிகக் குறைந்த செறிவில் கொடுங்கள். படிகளின் ஓரம் பொடிந்து கரையும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கும் இது கைகொடுக்கும், சுருக்கும்போது பட்டை அங்கே இன்னும் மோசமாகும்.

அதே வடிவமைப்பைத் தொண்டூழியர் டி-சட்டைக்கும் கேட்பார்கள். க்வீன்ஸ்வே ஷாப்பிங் சென்டர் போன்ற இடங்களில் கொடுக்கும் முன் எந்த முறையில் அடிக்கிறார்கள் என்று கேளுங்கள். வினைல் வெட்டும் இயந்திரத்துக்குப் பாதைதான் தெரியும், பாதி ஒளிபுகும் என்பதே அதற்குக் கிடையாது. ஒளியைக் கதிர்க்கோடுகளாக வரைந்து க்ளிப் போடுங்கள். ஸ்க்ரீன் பிரிண்டில் மங்கலைப் புள்ளிகளாக மாற்ற வேண்டும், அங்குலத்துக்கு 45 முதல் 55 வரிகள். 5 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள புள்ளி துணியில் நிற்காது, அதனால் மாஸ்க் அங்கேயே முடியட்டும். டிடிஎஃப் (படலத்தில் அச்சிட்டுத் துணிக்கு மாற்றும்) முறையில் கறுப்புத் துணி என்றால், பாதி ஒளிபுகும் ஒவ்வோர் இடத்துக்கும் அடியில் வெள்ளை மை விழுந்து, விளக்கைச் சுற்றி மாவு பூசியது போல் வெளிறிய வளையம் வரும். அங்கே ஒபாசிட்டி மாஸ்க்கை முழுவதும் எடுத்துவிட்டு, மங்கலைக் கூர்மையான புள்ளிகளாக மாற்றித் தருவது ஒன்றே வழி.